புந்தோங்கா, கிளேபாங்கா? அப்பாவோடு ஈப்போவுக்குக் குடிபோகிறோம்

கித்தாக்காட்டுப் பிள்ளை | திங்கள், இரவு 9.40

வணக்கம். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். பதில் சொல்கிறவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். "மனசுக்குப் பிடித்த இடத்துக்குப் போங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள், அதை என் மச்சான் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

நான், மனைவி, ஐந்து வயது மகள், அப்பா. எனக்கு வயது 34. தாசேக் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு வேலை. மனைவி ஈப்போ பைனூன் ஆஸ்பத்திரியில் தாதி. இரண்டு பேரும் இரண்டு வண்டியில் தினமும் போக 30, வர 30 கிலோமீட்டர் ஓட்டுகிறோம். இரவு ஷிப்ட் முடிந்து, கந்தான் பக்கம் லாரிகளுக்கு நடுவே அவள் வருவதை நினைத்தாலே எனக்கு அடிவயிறு கலங்கும். போன மாதம் சிவப்பு விளக்கில் நின்றவள் அப்படியே தூங்கிவிட்டாள். பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்து எழுப்பியிருக்கிறார். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டோம், ஈப்போவுக்குப் போய்விடுவது என்று.

ஈப்போவில் இரண்டு வீடு பார்த்திருக்கிறோம். ஒன்று புந்தோங்கில், ஒரு மாடி வரிசை வீடு, மூன்று அறை, பழசு, 220,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். இன்னொன்று கிளேபாங்கில், இரண்டு மாடி, வாசலில் காவலாளி வைத்த தாமான் (குடியிருப்பு), 350,000 வெள்ளி. மனைவிக்கு கிளேபாங் வீட்டின் மேல் கண். எனக்கும் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இருக்கும் வீட்டை விற்றால் முன்பணம் கையில் வந்துவிடும்.

அப்பாவுக்கு 72. ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், அப்புறம் அதே தோட்டத்தில் செம்பனைக்கு மாறியவர். அம்மா தவறி மூன்று வருடம் ஆகிறது. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உண்டு, மற்றபடி திடமாக நடப்பார். எந்த வீடு பிடித்திருக்கிறது என்று கேட்டால், "நீங்க பாத்து செய்ங்கப்பா" என்கிறார். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார், ஒத்துக்கொள்ளாத விஷயத்துக்கும்.


மலர் கிளேபாங் | திங்கள், இரவு 10.15

தம்பி, நான் இங்கே வந்து ஒன்பது வருடம். கண்ணை மூடிக்கொண்டு கிளேபாங்குக்கு வாருங்கள்.

முதல் காரணம், இது உங்கள் ஊர்ப் பக்கமே இருக்கிறது. கோலகங்சார் சாலையில் ஏறினால் செம்மோர், கந்தான் தாண்டி நேரே சுங்கை சிப்புட். கோயில் திருவிழா, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதற்கும் ஈப்போ நெரிசலுக்குள் நுழைய வேண்டியதில்லை. இயோன் பேரங்காடி பக்கத்தில். வெளியூர் பஸ் ஏற வேண்டுமென்றால் மேரு ராயாவில் அமான்ஜெயா நிலையம். உங்களுக்குத் தாசேக் வேலையும் கிட்டே. மகளுக்குக் கிளேபாங் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. சாலை அகலம், பிள்ளைகள் சைக்கிள் விடலாம், இரவில் சத்தம் கிடையாது.

குறை என்றால், காலை ஏழு மணிக்கு மேல் பெரிய சாலையில் நெரிசல். அப்புறம் உப்பு வாங்கக்கூட வண்டி எடுக்க வேண்டும். அதற்குப் பழகிவிட்டோம்.


புந்தோங் மருமகள் | திங்கள், இரவு 10.52

நான் பாகான் சிராயிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள், 21 வருடம். வந்த புதிதில் ராத்திரியெல்லாம் அழுதேன். ஒரு பக்கம் கோயில் ஒலிபெருக்கி, ஒரு பக்கம் முறுக்கு சுடுகிற வாசனை, பக்கத்து வீட்டில் பேசினால் நம் அடுப்படியில் கேட்கும். இப்போது யாராவது என்னை அமைதியான தாமானுக்குக் கூப்பிட்டால் போக மாட்டேன்.

காரணம் சொல்கிறேன். என் மாமியார் 78 வயது. காலையில் காப்பி குடித்துவிட்டுத் தனியாகவே கிளம்புவார். கோயில், பூக்கடை, மருந்துக்கடை, ஒட்டுக்கடையில் ஒரு வடை, யார் வீட்டுத் திண்ணையிலாவது அரை மணி நேரம். பதினோரு மணிக்கு வீட்டில் இருப்பார். எங்கே விழுந்தாலும் தூக்கிவிட ஆள் உண்டு, எனக்குப் போன் பண்ணவும் ஆள் உண்டு. துணிமணி, பூசைச் சாமான் எது வேண்டுமானாலும் லகாட் சாலை லிட்டில் இந்தியா பக்கத்திலேயே. மனைவிக்கு ஆஸ்பத்திரியும் கிட்டே. மகளுக்குப் பள்ளிக்கூடம் என்றால் சிலிபினில் செயின்ட் பிலோமினா தமிழ்ப்பள்ளி இருக்கிறது.

வண்டி நிறுத்த இடம் கிடையாது. அதை மறைக்க மாட்டேன். இரண்டு வண்டி வைத்திருக்கிற நீங்கள் தினமும் ஒருவரோடாவது சண்டை போடுவீர்கள்.


தாசேக் ஷிப்ட் | திங்கள், இரவு 11.30

அக்கா சொல்வது அழகாக இருக்கிறது. நான் புந்தோங்கில் பிறந்து 27 வயதுவரை அங்கேயே இருந்தவன், அந்த உரிமையில் சொல்கிறேன். முதல் வேலைக்கு மனுப் போட்டபோது என் முகவரியை எழுதவில்லை, பெர்ச்சாமில் இருக்கும் சித்தப்பா முகவரியைப் போட்டேன். ஏன் என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். புந்தோங் என்றாலே ஒரு பார்வை பார்ப்பார்கள். நம் வீட்டுப் பையன் ஒழுங்காகத்தான் இருப்பான், ஆனால் தெருமுனையில் நிற்கிறவர்கள் எல்லோரும் அவனுக்கு அண்ணன்மார்.

அப்புறம் தண்ணீர். சுங்கை பாரி ஆற்றோரத்துத் தாழ்வான சந்துகளில் பெருமழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அம்மா மெத்தையை மேசைமேல் ஏற்றிவைத்துவிட்டுத் தூங்காமல் உட்கார்ந்திருப்பார். வாங்கப் போகிற வீட்டின் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

தோட்டத்தைவிட்டு வெளியே வர நம் அப்பா அம்மா பட்ட பாடெல்லாம் இன்னொரு லயத்துக்குள் (தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகள்) போய் உட்காரவா?


புந்தோங் மருமகள் | திங்கள், இரவு 11.41

லயம் என்று சொல்லாதீர்கள் தம்பி. இங்கே வழக்கறிஞர் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், என் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். முகவரியை மறைத்தது நீங்கள், ஊர் என்ன செய்யும்?


தாசேக் ஷிப்ட் | திங்கள், இரவு 11.46

மறைத்தேன், வேலை கிடைத்தது. அதைத்தான் சொல்கிறேன்.


ஓய்வு வாத்தியார் | செவ்வாய், காலை 6.20

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். புந்தோங் எப்படிப் புந்தோங் ஆனது என்பது இளையவர்கள் பலருக்குத் தெரிவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

கச்சாங் பூத்தே (கடலை, முறுக்கு வகை) செய்கிற குடும்பங்கள் முதலில் இருந்த இடம் குனோங் சேரோ மலையடிவாரம், இப்போது கல்லுமலைக் கோயில் இருக்கிற பக்கம். 1973 அக்டோபரில் அந்தச் சுண்ணாம்பு மலையிலிருந்து ஒரு பெரும் பாறை பெயர்ந்து வீடுகள்மேல் விழுந்தது. சுமார் 40 பேர் மாண்டார்கள். மாடுகளும் செத்தன. அதற்குப் பிறகுதான் அந்தக் குடும்பங்கள் புந்தோங்குக்கு வந்தன. இன்றைக்கு நாடு முழுக்கப் பொட்டலத்தில் போகிற கடலையும் முறுக்கும் ஓமப்பொடியும் அப்படி வந்தவர்கள் போட்ட அடுப்பு. ஒரே இடத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே என்று நாம் சொல்கிறோம். அவர்களுக்கு நெருக்கமாக இருப்பதுதான் பாதுகாப்பாகத் தெரிந்திருக்கும்.

தைப்பூசத்துக்குப் புந்தோங் சுப்பிரமணியர் கோயிலில் காவடி எடுத்து அந்தக் கல்லுமலைக்குத்தானே போகிறோம். ஒவ்வொரு வருடமும் அந்த வழியில் நடக்கும்போது எனக்கு 1973 நினைவுக்கு வரும்.

பெயர் கெட்டது உண்மை. இப்போது முன்போல் இல்லை என்பதும் உண்மை. எந்தத் தெரு என்பதைப் பொறுத்து இரண்டும் மாறும். ஊரை வாங்க முடியாது, தெருவைத்தான் வாங்குகிறோம்.


எட்டாங்கட்டை | செவ்வாய், காலை 8.05

நான் வீட்டுக் கடன் பத்திர வேலை பார்க்கிறவன். பாசத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

விலையில் 90 விழுக்காடு கடன், வட்டி 4 விழுக்காடு, 35 வருடம். 34 வயதில் எடுத்தால் 69இல் முடியும், வங்கி 70 வரை விடும், ஆக உங்களுக்கு முழுத் தவணை கிடைக்கும், ஆனால் கிட்டத்தட்ட கடைசி வாய்ப்பு. புந்தோங் வீட்டுக்கு மாதம் சுமார் 877 வெள்ளி. கிளேபாங் வீட்டுக்கு சுமார் 1,395. வித்தியாசம் 518. அதற்குமேல் காவலாளி தாமானில் பராமரிப்புக் கட்டணம் தனி. பெட்ரோல் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள், அது இந்த 518ஐ ஈடுகட்டுமா என்று உங்கள் பெட்ரோல் ரசீதை எடுத்து வைத்துப் பாருங்கள். மனைவி ஷிப்ட் அலவன்ஸை நம்பித் தவணையை ஏற்காதீர்கள். குழந்தை இன்னொன்று வந்தால் முதலில் போவது அதுதான்.

முத்திரை வரி: முதல் 100,000க்கு 1 விழுக்காடு, அதற்குமேல் 500,000 வரை 2 விழுக்காடு. அப்படியென்றால் 220,000 வீட்டுக்கு 3,400, 350,000 வீட்டுக்கு 6,000. முதல் வீடு வாங்குகிறவருக்குச் சலுகை உண்டா என்று வழக்கறிஞரிடம் கையெழுத்துக்கு முன்னாலேயே கேளுங்கள், பிறகு கேட்டால் பயனில்லை. ஊழியர் சேமநிதியான இபிஎப்பில் 2024 மே மாதம் கணக்கை மூன்றாகப் பிரித்தார்களே, அதில் வீட்டுக்கு எடுக்க வேண்டியது செஜாத்தெரா கணக்கிலிருந்து.

இப்போது முக்கியமானது. புந்தோங் பக்கம் சில இடங்கள் குத்தகை நிலம். கெரானை (நிலப் பட்டாவை) வாங்கிப் பாருங்கள். 99 வருடமா 60 வருடமா, எத்தனை வருடம் மிச்சம் என்று நில அலுவலகத்தில் தேடல் போட்டாலே வந்துவிடும், செலவு சொற்பம். மிச்சம் குறைவாக இருந்தால் வங்கி முகம் சுளிக்கும். பெயர் மாற்ற மாநில அனுமதி வேண்டும் என்று கெரானில் எழுதியிருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். வீட்டுக்காரர் "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்று சொன்னால் பிரச்சினை இருக்கிறது என்று அர்த்தம்.


கித்தாக்காட்டுப் பிள்ளை | செவ்வாய், மதியம் 1.10

எல்லோருக்கும் நன்றி. எட்டாங்கட்டை அண்ணே, 518 வெள்ளியைத் தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டேன். மனைவி அதைக் கழற்றிவிட்டாள்.

தாசேக் ஷிப்ட் சொன்ன பெயின்ட் விஷயம் சிரிப்பாகத்தான் படித்தேன். போய்ப் பார்த்தால் பின்பக்கச் சுவரில் முழங்கால்வரைதான் புதுப் பெயின்ட். என்னவென்று கேட்டேன், குழந்தைகள் கிறுக்கியது என்றார் வீட்டுக்காரர். அந்த வீட்டில் குழந்தைகள் யாரும் கண்ணில் படவில்லை.


ஊரைவிட்டுப் போகாதவன் | செவ்வாய், மாலை 5.30

நான் வேறு கேள்வி கேட்கிறேன். ஏன் போக வேண்டும்?

1954இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்த மகாத்மா காந்தி கலாசாலை நம் ஊரில் இருக்கிறது. ரயில் நிலையத்தில் இடிஎஸ் மின்ரயில் நிற்கிறது. பழக் காலத்தில் பத்து வெள்ளிக்கு ஒரு கூடை கிடைக்கிறது. எல்லோரும் ஈப்போவுக்குப் போய்விட்டால் இங்கே பூட்டிய வீடும் செம்பனையும்தான் மிச்சம். மனைவியின் இரவு ஷிப்ட்தான் பிரச்சினை என்றால் மாதம் ஏழெட்டு நாள்தானே, அந்த நாள்களில் ஆஸ்பத்திரி பக்கம் ஓர் அறை எடுத்துக்கொள்ளட்டும்.


கித்தாக்காட்டுப் பிள்ளை | செவ்வாய், மாலை 6.02

அண்ணே, அதை என் மனைவியிடம் நீங்களே சொல்லுங்கள். நம்பர் தருகிறேன்.


சும்மா படிக்கிறவள் | செவ்வாய், இரவு 9.18

எப்போதும் படித்துவிட்டுப் போய்விடுவேன். இதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் பீடோர் பக்கத்துத் தோட்டம். ஆறு வருடத்துக்கு முன்னால் பூச்சோங்கில் இரண்டு மாடி வீடு வாங்கி அம்மாவையும் கூட்டிப்போனோம். நல்ல தாமான், காவலாளி, கேமரா எல்லாம். மாதம் ஒருமுறை கோயிலுக்குக் கூட்டிப்போவோம், வாரம் ஒருமுறை கடைக்கு. நாங்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம். ஒரு நாள் காய்ச்சல் என்று பாதி நாள் விடுப்பில் பத்தரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா கேட்டுக்குள்ளே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சேலையெல்லாம் நன்றாகக் கட்டி, தலைவாரி, பொட்டு வைத்து. எங்கே கிளம்பினீர்கள் என்று கேட்டேன். எங்கேயும் இல்லை, தபால்காரர் வருகிற நேரம் என்றார்.

அவருக்கு ஒரு கடிதமும் வருவதில்லை.

தோட்டத்தில் அஞ்சு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போய், ஆயாக் கொட்டகையில் எங்களை விட்டுவிட்டு, வேலை முடிந்து கடைக்குப் போய், தண்ணீர்க் குழாயடியில் நின்று ஊர்க்கதை பேசியவர். நீங்கள் இரண்டு பேரும் வீட்டைச் சனி ஞாயிறில்தானே போய்ப் பார்த்தீர்கள்? வேலை நாளில் காலை பத்து மணிக்கு அப்பாவை அங்கே கூட்டிப்போய், வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சும்மா நில்லுங்கள். அவர் எந்தப் பக்கம் நடக்கிறார் என்று மட்டும் பாருங்கள்.


மலர் கிளேபாங் | செவ்வாய், இரவு 10.05

இது என்னைக் குத்துகிற மாதிரி இருக்கிறது, ஆனாலும் நியாயம்தான். என் மாமனார் எங்களோடு நாலு வருடம் இருந்தார். தொலைக்காட்சி சத்தம் மட்டும் கேட்கும், அவர் சத்தம் கேட்காது. ஆனால் எல்லோரும் அப்படி என்று சொல்ல முடியாது தங்கச்சி. இங்கேயே காலையில் ஐந்தாறு பெரியவர்கள் சேர்ந்து நடக்கிறார்கள், சீனர் இரண்டு பேர், நம்மவர் மூன்று பேர், ஒரு மலாய்க்காரர். பாஷை மாறி மாறிப் போகும். ஆள் எப்படிப்பட்டவர் என்பதையும் பார்க்க வேண்டும்.


ஷிப்ட் தாதி | செவ்வாய், இரவு 11.50

அப்பாவின் மருந்து பற்றி யாரும் சொல்லவில்லை. சுங்கை சிப்புட்டில் மருத்துவரைப் பார்க்கும் நாளை அப்படியே வைத்துக்கொண்டு, மாத மருந்தை மட்டும் வேறு அரசாங்க கிளினிக்கில் வாங்கலாம். எஸ்.பி.யு.பி. என்று மருந்தகத்தில் கேளுங்கள், எழுதிக்கொடுப்பார்கள். கிளேபாங் போனால் செம்மோர் கிளினிக், புந்தோங் போனால் கிரீன்டவுன் என்று எது வசதியோ அதைச் சொல்லலாம். பெரியவர்களுக்குப் பழகிய டாக்டரை மாற்றுவது பல்லைப் பிடுங்குகிற மாதிரி. ஒரே நேரத்தில் வீட்டையும் டாக்டரையும் மாற்றாதீர்கள். உங்கள் மனைவிக்கு இது தெரிந்திருக்கும், ஆனால் நாம் நம் வீட்டு நோயாளியை மட்டும் மறந்துவிடுவோம்.


கித்தாக்காட்டுப் பிள்ளை | வெள்ளி, இரவு 8.30

நேற்று விடுப்புப் போட்டு அப்பாவைக் கூட்டிப்போனேன். சும்மா படிக்கிறவள் சொன்ன மாதிரியே, காலை பத்து மணி, சாவி பையில்.

முதலில் புந்தோங். அங்கே இறங்கினதும் அப்பா முகம் மலரும் என்றுதான் நினைத்தேன். உங்களில் பாதிப் பேரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். கோயில்வரை நடந்தார், கும்பிட்டார், கடையில் தேத்தண்ணி குடித்தார், கடைக்காரரிடம் எந்த ஊர் என்று விசாரித்தார். எல்லாம் சரி. திரும்பி வரும்போது, "நெருக்கமா இருக்கு, மேல பாத்தா கம்பியாத் தெரியுது, மரமே இல்ல" என்றார். எனக்கே ஆச்சரியம். 50 வருடம் மரத்தடியில் நின்ற மனிதர் என்பதை நான் மறந்துவிட்டேன்.

அப்புறம் கிளேபாங். வீட்டுக்குள் போனார், மாடி ஏறவில்லை. வெளியே வந்து தெருவைப் பார்த்தார். ஒரு ஜீவன் இல்லை. காவலாளி நேப்பாளி, சலாம் வைத்தார். அப்பா பின்பக்கம் நடந்தார். மின்கம்பி கோபுரத்துக்குக் கீழே வெற்று நிலத்தில் ஒரு சீனக் கிழவர் மரவள்ளி போட்டிருந்தார். அங்கே போய் நின்றவர்தான். உரம் என்ன போடுகிறாய், எலி வருமா என்று மலாயில் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் வெயிலில் அரை மணி நேரம் காய்ந்தேன்.

அப்படியானால் கிளேபாங்தான் என்று வண்டியில் ஏறினதும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. செம்மோர் தாண்டினதும் கேட்டார், "இந்த ரோட்ல நம்ம ஊர் பஸ் வருமில்ல?"

வரும் என்றேன். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வழியாகக் கோலகங்சார் போகிற பஸ் இதே சாலைதான். அந்தத் தாமானிலிருந்து பெரிய சாலைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டார். வண்டியில் பார்த்தேன், இரண்டு கிலோமீட்டருக்கு மேல். "தூரம்" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள்தான் பிடித்தாள். அவருக்கு எந்த வீட்டில் இருப்பது என்பது கவலை இல்லை, நம்மைக் கேட்காமல் இங்கே திரும்பி வர முடியுமா என்பதுதான் கவலை என்றாள். புந்தோங்கிலிருந்து என்றால் டவுனுக்குப் போய் மேடான் கிட் பஸ் நிலையத்தில் வேறு பஸ் மாற வேண்டும். கிளேபாங்கிலிருந்து ஒரே பஸ், ஆனால் பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்க முடியாது.

அப்புறம் ராத்திரி சாப்பிடும்போது அவரே இன்னொன்றையும் போட்டுடைத்தார். இந்த வீட்டை விற்க வேண்டாமாம். தோட்டம் கைமாறியபோது 25,000 வெள்ளிக்கு வாங்கிய மலிவு விலை வீடு. என் தாத்தா காலத்தில் வெள்ளைக்காரர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, இருந்த லயத்தைக் காலி பண்ணச் சொல்லித் தட்டுமுட்டுச் சாமான்களோடு சாலையில் நின்றார்களாம். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதும் தாத்தா தவணையில் பங்கு வாங்கியதற்கு அந்தப் பயம்தான் காரணமாம். எனக்கு இதெல்லாம் நேற்றுத்தான் தெரியும். சொந்த வீடு என்று ஒன்று ஊரில் இருக்கட்டும் என்கிறார்.


எட்டாங்கட்டை | வெள்ளி, இரவு 9.10

விற்கவில்லை என்றால் 350,000 வீடு கணக்கில் நிற்காது. 10 விழுக்காடே 35,000, அதற்குமேல் வழக்கறிஞர் செலவு. கிளேபாங்கிலேயே பெரிய சாலையை ஒட்டிப் பழைய தாமான்கள் இருக்கின்றன. ஒரு மாடி, 1980களில் கட்டியது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, சாலைச் சத்தம் என்பதால். அங்கே தேடுங்கள். பழைய வீடு என்றால் கூரை மரத்தில் கறையான் இருக்கிறதா, மின்கம்பி மாற்றியிருக்கிறார்களா என்று ஆளை வைத்துப் பார்க்க வேண்டும், அதற்கும் காசு ஒதுக்குங்கள். ஊர் வீட்டை வாடகைக்கு விட்டால் அப்பா திரும்பி வந்து எங்கே உட்காருவார் என்பதையும் யோசியுங்கள்.


தாசேக் ஷிப்ட் | வெள்ளி, இரவு 9.25

பஸ் பஸ் என்கிறீர்கள், அந்த பஸ் நினைத்த நேரத்துக்குத்தான் வரும். நான் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறேன்.


சும்மா படிக்கிறவள் | வெள்ளி, இரவு 9.31

நிற்கட்டுமே. காத்திருக்க அவருக்கு ஓர் இடம் இருக்கிறதல்லவா.


கித்தாக்காட்டுப் பிள்ளை | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு

முடிந்த கதையைச் சொல்லாமல் போகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும், அதனால் எழுதுகிறேன்.

எட்டாங்கட்டை அண்ணன் சொன்ன பக்கமே தேடினோம். கிளேபாங்கில் பெரிய சாலைக்கு இரண்டு தெரு உள்ளே, ஒரு மாடி, மூன்று அறை, நிரந்தரப் பட்டா. 240,000 வெள்ளி. மாதம் சுமார் 956 வெள்ளி வருகிறது. கறையான் இருந்தது, அதைக் காட்டி விலையைக் குறைக்கப் பார்த்தோம், வீட்டுக்காரர் அசையவில்லை, கறையான் மருந்துச் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டார். மனைவிக்கு இன்னமும் அந்த இரண்டு மாடி வீடுதான் மனசில். சமையலறையைத் தான் சொல்கிற மாதிரி மாற்ற வேண்டும் என்று நிபந்தனை. ஒத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

சாலைச் சத்தம் கேட்கிறது, பொய் சொல்ல மாட்டேன். சிமெண்ட் லாரி போனால் சன்னல் கண்ணாடி பேசும். முன்வாசலில் பெரிய வாகை மரம் ஒன்று நகராண்மைக்காரர் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

வீட்டைக் காட்டக் கூட்டிப்போன அன்று அப்பா உள்ளே ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு பஸ் நிற்கும் இடம்வரை நடந்து போய், திரும்பி வந்து, "நானூத்திப் பன்னண்டு" என்றார். எனக்குப் புரியவில்லை. காலடி எண்ணியிருக்கிறார். ஒரு காலத்தில் தினமும் காலையில் ஐந்நூறு மரம் எண்ணி வெட்டிய ஆள். "ஒரு நெரைகூட இல்ல" என்றார்.

ஊர் வீட்டைப் பூட்டியேதான் வைக்கப் போகிறோம். புதன்கிழமைதோறும் போய்ப் பெருக்கிவிட்டு வருவாராம். தாசேக் ஷிப்ட், அவர் போன வாரம் ஒரு முறை ஒத்திகை பார்த்தார். பஸ்ஸுக்கு ஐம்பது நிமிடம் நின்றிருக்கிறார். பக்கத்தில் நின்ற அம்மாவின் பேரனுக்குப் பெண் பார்ப்பதுவரை விசாரித்துவிட்டு வந்திருக்கிறார்.


மலர் கிளேபாங் | ஞாயிறு, இரவு

எந்தத் தெரு தம்பி? பக்கத்தில் என்றால் சொல்லுங்கள், காலை நடைக்கு ஆறு பேர், ஏழாவது ஆளுக்கு இடம் இருக்கிறது. மரவள்ளிக்காரர் பெயர் ஆ சோங். எலிக்கு அவர் வைக்கிற மருந்தை மட்டும் நம்ப வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.


புந்தோங் மருமகள் | ஞாயிறு, இரவு

நல்லது. ஆனால் தைப்பூசத்துக்கு எப்படியும் எங்கள் பக்கம்தான் வரணும். வண்டியை எங்கே நிறுத்துவது என்று அப்போது போன் பண்ணிக் கேட்காதீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன்: நிறுத்த முடியாது. அப்பாவோடு பஸ்ஸில் வாருங்கள்.